களிசானின் முழங்காலைப் பார்த்துப் பலன் சொன்ன காலம்

போன கிழமை காருக்கு எண்ணெய் மாற்றக் கொடுத்துவிட்டு மொன்ட்ரியாலில் லாசால் பக்கம் ஒரு கராஜில் குந்தியிருந்தேன். காத்திருக்கிற ஆட்களுக்கென்று அங்கே மூன்று கதிரை, ஒரு மேசை, ஒரு கோப்பி மெஷின். அந்த மெஷினில் வருவதைக் கோப்பி என்று அவர்கள்தான் சொல்கிறார்கள். மேசையில் அந்தப் பகுதிக்கு இலவசமாக வருகிற பத்திரிகை கிடந்தது. நேரம் போகவேண்டுமே என்று புரட்டினால், கடைசிக்கு முந்தின பக்கத்தில் சின்னக் கல்லூரிகளின் பேஸ்போல் போட்டி தொடங்கப்போகிறது, இந்த வருடம் எந்த அணி எப்படி என்று ஒருத்தர் பிரெஞ்சில் எழுதியிருந்தார். அணிக்கு ஒரு பந்தி. ஒன்றுக்குப் பந்து வீசுகிற நல்ல பெடியன் ஒருத்தன் தோள் நோ மாறித் திரும்பி வந்திருக்கிறானாம். இன்னொன்றுக்குப் புதுப் பயிற்சியாளராம். போன முறை கடைசியாக வந்த அணியையும் அவர் கைவிடவில்லை. இளம் பெடியள், இந்த முறை எல்லாரையும் திகைக்க வைக்கக்கூடும் என்று எழுதி வைத்திருந்தார். நல்ல மனுசன்.

வாசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். கராஜ்காரன் என் பெயரை அவனுக்குத் தெரிந்த மாதிரி முறித்து முறித்துக் கூப்பிட்டதும் காதில் விழவில்லை. பக்கத்தில் இருந்த மனுசி முழங்கையால் தட்டினாள். எழும்பிப்போய்த் திறப்பை வாங்கினேன். காருக்குள் ஏறி இருந்தும் உடனே எடுக்க மனம் வரவில்லை.

உனக்கும் பேஸ்போலுக்கும் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம். நான் அந்த மட்டையைத் தொட்டதுகூட இல்லை. அந்த ஆட்டத்தின் விதி முழுதாக இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு காலத்தில், ஒவ்வொரு ஆவணியிலும், இப்படியொரு சின்னப் போட்டியில் விளையாடுகிற அத்தனை பெடியளின் இடுப்பளவும் எனக்குத் தெரியும். யாருடைய களிசான் எந்த முழங்காலில் கிழியும் என்று தெரியும். முகம் மட்டும் தெரியாது.

எல்லாம் மணத்தில்தான் தொடங்கும். ஐப்பசியில் ஆட்டம் முடிந்ததும் பெடியள் உடுப்பைக் கழற்றி, வேர்வையும் மண்ணுமாக அப்படியே கன்வஸ் பையில் அடைத்து, கல்லூரியின் களஞ்சிய அறையில் எறிந்துவிட்டுப் போய்விடுவார்கள். பனிக்காலம் முழுக்க அது அங்கே கிடக்கும். அடுத்த ஆவணியில், ஆட்டம் தொடங்கக் கொஞ்ச நாள் இருக்கையில்தான் யாருக்காவது ஞாபகம் வரும். அப்போது எங்களிடம் வரும். பத்து மாதம் கட்டிவைத்த பையின் வாய்க் கயிற்றை அவிழ்க்கிற வேலை என்னுடையது. புளித்துப் பொங்கி வழிந்த தோசைமாவுக்குள் நனைந்த நாய் ஒன்று படுத்தெழும்பிய மாதிரி ஒரு மணம். முதல் வருடம் எனக்குக் குமட்டிவிட்டது. சிவம் அண்ணை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, உதைத் திறக்கேக்க மூச்சை உள்ள எடுக்காத. வெளிய மட்டும் விடு."

சிவம் அண்ணையின் ஆலோசனைகள் எல்லாம் இந்த வகைதான்.

அது நகரத்தின் வடக்குப் பக்கம், பழைய தையல் தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றில் நாலாம் மாடி. சாமான் ஏற்றுகிற லிப்ட் ஒன்று உண்டு. அதன் கதவை உதைத்தால்தான் மூடும், எங்கே உதைக்கவேண்டும் என்பது தெரிந்திருக்கவேண்டும். மேலே ஒரு பக்கம் கழுவுகிற மெஷின்கள், நடுவில் தையல் மேசைகள், யன்னலோரம் நீராவிப் பிரஸ். மற்ற மாதங்களில் உணவகக்காரரின் ஏப்பிரன், ஹொட்டேல் மேசைத்துணி என்று ஏதோ வரும், இரண்டு நாள் வேலை இருக்கும், மூன்று நாள் இராது. ஆவணி, புரட்டாதி, ஐப்பசிதான் எங்களுக்கு வேலைக்காலம். ஆறு கல்லூரிகளின் உடுப்பைக் கழுவி, கிழிசல் தைத்து, புதுப் பெடியளுக்கு நம்பர் தைத்து, அழுத்திக் கொடுப்போம். ஆட்டம் நடக்கிற கிழமைகளிலும் அது திரும்பத் திரும்ப வரும். நான் பை அவிழ்க்கிறவன், சட்டைக்கும் களிசானுக்கும் சோடி சேர்க்கிறவன், வான் ஓட்டுகிறவன்.

முதலாளி போர்த்துக்கீசர். எங்களுக்குப் பிரெஞ்சு அரைகுறை, அவருக்கு இங்கிலீஷ் அரைகுறை. ஆனால் ஒரு நாள் அவர் ஒரு களிசானைத் தூக்கிக் காட்டி ஏதோ சொல்ல, மலர் அக்கா தலையை நிமிர்த்தி, "இஞ்ச, இவர் களிசான் எண்டெல்லோ சொல்றார்" என்றா. அன்றிலிருந்து ஒவ்வொரு சாமானாகத் தொட்டுப் பார்த்தோம். அலுமாரி, யன்னல், மேசை, கதிரை. எல்லாம் அவருடைய போர்த்துக்கீசச் சொல்லாம். "எங்கட வீட்டில கனகாலம் களவெடுத்திருக்கிறியள் போல" என்று மனுசன் சிரித்தார். சிவம் அண்ணை விடவில்லை: "நீங்கள் எங்கட ஊரில எடுத்ததுக்கு இது வட்டி." இதைப் பிரெஞ்சில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நல்லதாய்ப் போயிற்று. அந்த முதலாளிக்கு ஒரு வாய்ப்பாடு இருந்தது. மெஷின் நின்றாலும், பனியில் வான் புதைந்தாலும், யாருக்கு என்ன வந்தாலும், தோளில் தட்டி "ஸா வா அலே" என்பார். எல்லாம் சரிவரும் என்று அர்த்தம். நாங்கள் அவருக்கு வைத்த பெயரும் அதுதான்.

சிவம் அண்ணை பிரஸ்காரர். யாழ்ப்பாணத்தில் தன்னுடைய பள்ளிக்கூடக் கிரிக்கெட் அணியில் இருந்தவர். விளையாடினவரோ என்று கேட்கக்கூடாது. பன்னிரண்டாவது ஆளாக இருந்தவர். மூன்று வருடமாக மற்றவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனவர். அதனால் ஆட்டத்தை எல்லாரையும்விடத் தான்தான் நன்றாகப் பார்த்தவர் என்பது அவருடைய கட்சி. "ஆடுறவன் பந்தை மட்டுமல்லோ பார்க்கிறான். நான் முழுக்கப் பார்த்தனான்."

மலர் அக்கா நம்பர் தைக்கிறவ. ஒல்லியான மனுசி, முப்பது வயதிருக்கும், மொன்ட்ரியால்-நோரில் ஒரு அறையில் இருந்தா. பஸ் பிடித்து, இறங்கி நடந்து, எங்கள் எல்லாருக்கும் முதல் வந்து நிற்பா. எதைச் சொன்னாலும் "மெய்யாவோ?" என்பா. அது சந்தேகம் இல்லை, நம்பத் தயாராக இருக்கிறேன் என்கிற கேள்வி. கலியாணம் கட்டிக் கொஞ்ச மாதத்தில் அவ இங்கே வந்து சேர்ந்துவிட்டா. அவவின் மனுசன் குகன் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்துகொண்டு, மலர் அக்கா போட்ட ஸ்பொன்சர் சரிவரும், இங்கே கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார். அந்த வேலைத்தலத்தில் எங்கள் எல்லாருக்கும் அவரைத் தெரியும், நாங்கள் யாரும் அவரைக் கண்டதில்லை என்றாலும். படிக்கட்டுப் பக்கம் காசு போட்டுக் கதைக்கிற போன் ஒன்று இருந்தது. இங்கே பத்து மணித் தேத்தண்ணி நேரம், அங்கே அவர் இராச்சாப்பாடு முடித்திருப்பார். மலர் அக்கா போன் கார்டைச் சுரண்டி நம்பரை எடுப்பா. என்ன சாப்பிட்டார், எந்த அறைக்கு மாறினார், தடிமன் மாறிவிட்டதா எல்லாம் நீராவி மெஷினைத் தாண்டி எங்களுக்குக் கேட்கும்.

இப்போது பலன் சொல்கிற கதைக்கு வருகிறேன்.

ஆவணியில் பைகள் எல்லாம் வந்து, உடுப்புக் கழுவப் போகிறதுக்கு முதல், ஒரு நாள் தேத்தண்ணி நேரத்தில் சிவம் அண்ணை இந்த வருடம் யார் வெல்லப்போகிறார்கள் என்று சொல்லுவார். அது ஒரு வழக்கமாகவே போய்விட்டது. பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், நாவல், கோடு போட்ட சட்டை என்று நிறம்தான் எங்களுக்கு அணியின் பெயர். கல்லூரிகளின் பெயர் எங்கள் வாய்க்குள் நிற்காது. ஒவ்வொரு பையிலிருந்தும் ஒன்றிரண்டு களிசானை எடுத்து மேசையில் விரித்து, கதிரையைக் கிட்ட இழுத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முழங்காலையும் குண்டிப் பக்கத்தையும் உற்றுப் பார்ப்பார். புதுவருடத்துக்குப் பஞ்சாங்கம் பார்க்கிற ஐயரும் இவ்வளவு நேரம் எடுக்கமாட்டார். மற்ற மேசைப் பெண்கள் ஹெயிட்டிக்காரர். அவர்களும் தேத்தண்ணியோடு வந்து சுற்றி நிற்பார்கள். நான் பிரெஞ்சில் சொல்லவேண்டும்.

"பச்சை. பார், முழங்கால் முழுக்கச் சிவப்பு மண். விழுந்து விழுந்து எழும்பியிருக்கிறாங்கள். ஒழுக்கமில்லாத டீம். சிவப்பும் அப்பிடித்தான். இஞ்ச நாவலைப் பார். வெள்ளை அப்பிடியே இருக்கு. கால் நிலத்தில ஊண்டி நிண்டு ஆடின பெடியள். இந்த முறை நாவல்தான்."

எல்லா முறையும் நாவல்தான். எல்லா முறையும் நாவல்தான் கடைசி.

கிரிக்கெட்டில் நல்ல மட்டைக்காரன் நாள் முழுக்க நின்றுவிட்டு, அழுத்தின வெள்ளைக் களிசான் கசங்காமல் வீட்டுக்கு வருவான் என்று சிவம் அண்ணைக்கு யாரோ சின்னவயதில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நாங்களும் அந்த ஊர்ப் பெடியள்தானே, எங்களுக்கும் அது சரியென்றே பட்டது. நான் ஒரு நாள் உடுப்புப் பையைக் கொடுக்கப்போன இடத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. வேலியில் சாய்ந்து நின்று பார்த்தேன். ஒரு பச்சைச் சட்டைப் பெடியன் ஓடிவந்து, நிலத்தில் விழுந்து, புழுதி எழும்ப இழுபட்டுக்கொண்டே போய்க் காலால் அந்தச் சதுரத்தைத் தொட்டான். எல்லாரும் கைதட்டினார்கள். திரும்பி வந்து பிரஸ்ஸடியில் நின்று சொன்னேன்:

"அண்ணை, இதில விழுந்தாத்தான் ரன். நாவல் விழுறதில்லை ஏனெண்டா, அவங்கள் ஓடுற அளவுக்கு வாறதே இல்லை."

அவர் பிரஸ்ஸை இறக்கி, நீராவியை அடங்கவிட்டார். பேந்து, "விழுந்து எடுக்கிற ரன் ஒரு ரன்னோ?" என்றார்.

அந்த மண்ணும் ஒரு மண். செங்கல்லை இடித்துத் தூவின மாதிரி, ஊரில் உரும்பிராய்ப் பக்கத்துச் செம்பாட்டு நிறம். கழுவுகிற தண்ணீர் முதல் இரண்டு தரம் இரத்தமாய் ஓடும். சிவம் அண்ணை ஒரு களிசானை மணந்து பார்த்துவிட்டு, "இதில வெங்காயம் வைக்கலாம், நல்லா விளையும்" என்றார். மலர் அக்கா, "தண்ணி ஆர் இறைக்கிறது?" என்று கேட்டுவிட்டு ஊசியில் நூல் கோர்த்தா. அவ சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் ஆடும்.

ஆனால் சிவம் அண்ணையிடம் இன்னொரு பலனும் இருந்தது. யார் வெல்லுவார்கள் என்பதில் அவர் ஒருக்காலும் சரிவந்ததில்லை. எத்தனை அணி வரும் என்பதில் பிழைத்ததே இல்லை. பை வருகிற நேரம், எத்தனை புது நம்பர் கேட்டிருக்கிறார்கள் என்பதை வைத்து, "ஆறும் வரும்" என்பார், ஆறும் வரும். மலர் அக்கா காதை வைத்துக் கேட்டது இந்தப் பலனைத்தான். நாவல் வென்றால் என்ன, பச்சை வென்றால் என்ன. அணி இருந்தால் நம்பர் இருக்கும், நம்பர் இருந்தால் மணித்தியாலம் இருக்கும். அந்த மூன்று மாத மணித்தியாலம் சேர்ந்தால்தான் பனிக்காலத்தில் வேலை இல்லாதபோது சோமாஜ் என்கிற வேலையில்லாக் காசு கிடைக்கும். மணித்தியாலம் காணாவிட்டால் சோமாஜ் இல்லை, அரசாங்கம் இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற வெல்ஃபெயருக்குத்தான் போகவேண்டும். வெல்ஃபெயர் எடுக்கிற ஆள் மனுசனை ஸ்பொன்சர் செய்யேலாது. இதை எங்களில் எல்லாருக்கும் மனப்பாடம். அப்பா பெயர் மறந்தாலும் இது மறக்காது.

"அண்ணை, இந்த முறை எத்தினை?" என்பா மலர் அக்கா, தலையை நிமிர்த்தாமல்.

"ஆறும் வரும் பிள்ளை."

"மெய்யாவோ?"

"நான் எப்ப பொய் சொன்னனான்?"

ஒரு வருடம் பச்சைப் பை முதலாவதாக வந்தது. திறந்தேன், மூச்சை வெளியே மட்டும் விட்டேன். பையோடு முதலாளி ஒரு வேலை சொன்னார். பச்சைச் சட்டை அத்தனையிலும் நம்பரைக் கழற்றவேண்டும். எல்லாம். ஏன் என்று கேட்டேன். தெரியாது, கல்லூரி சொன்னது, ஸா வா அலே என்றார். அவருக்கு உண்மையில் தெரியாதா, தெரிந்தும் சொல்லவில்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த ஆளில் எனக்குக் கோபமும் இல்லை. அவரும் அந்த நாலாம் மாடியில் தொங்கிக்கொண்டிருந்தவர்தான்.

எங்களுக்கு அதுவரைக்கும் அப்படி ஒரு வேலை வந்ததில்லை. ஒன்று இரண்டு நம்பர் மாற்றுவோம். முழுதாகக் கழற்றியதில்லை. எல்லாரும் சிவம் அண்ணையைப் பார்த்தோம். அவர் ஒரு சட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அவருடைய முகத்தில் ஒரு மலர்ச்சி வந்தது.

"பழசைக் கழட்டினா என்ன அர்த்தம்? புதுசு வரப்போகுது. முழு டீமும் புதுசு. பெரிய ஆக்களைப் பிடிச்சிட்டாங்கள். அத்தினைக்கும் திருப்பி நம்பர் தைக்கவேணும். பிள்ளை, உனக்கு இந்த முறை இரட்டை வேலை. கழட்டுறதுக்கும் மணித்தியாலம், தைக்கிறதுக்கும் மணித்தியாலம்."

"மெய்யாவோ அண்ணை?"

"இதென்ன கேள்வி. புது நம்பருக்குக் காசில்லாதவன் பழசைக் கழட்டச் சொல்லுவானோ?"

இப்போது யோசித்தால் அதற்குள் எவ்வளவு ஓட்டை. அன்றைக்கு எங்களுக்கு அது வேதம் மாதிரி இருந்தது. ஊரில் பழைய கூரையைப் பிரித்தால் புதுக்கூரை போடப்போகிறார்கள் என்றுதானே அர்த்தம். பிரித்துவிட்டு அப்படியே விட்டுப்போகிற வீடுகளையும் நாங்கள் பார்த்தவர்கள்தான். ஆனால் அது ஞாபகம் வரவில்லை.

மலர் அக்கா அந்தக் கிழமை முழுக்கத் தையல் பிரிக்கிற சின்னக் கத்தியோடு இருந்தா. தான் தைத்ததைத் தானே கழற்றினா. அவவின் தையல் இறுக்கம், இலேசில் விடாது. நம்பர் கழன்ற பிறகும் அது இருந்த இடத்தில் துணி வெளிறாமல் கடும்பச்சையாக நின்றது. பதினேழு கழற்றினால் பதினேழு தெரியும்.

"பாருங்கோ, எடுத்தாலும் போகுதில்லை" என்று எனக்குக் காட்டினா.

"அதுக்கு மேல புதுசு வரேக்க மறைஞ்சிடும்" என்றார் சிவம் அண்ணை, பிரஸ்ஸடியிலிருந்து.

அந்தக் கிழமையில்தான் கட்டார் கதை வந்தது. லொட்ஜில் இருந்த ஒருவர் மூலம் குகனுக்குக் கட்டாரில் ஒரு ஸ்டோரில் வேலை சரிவந்திருந்தது. உடனே ஓமென்று சொல்லவேண்டும். போனால் ஸ்பொன்சர் பேப்பர் இடம் மாறி இழுபடும், எவ்வளவு காலம் என்று சொல்லேலாது. போகாவிட்டால் இங்கே மலர் அக்காவின் வேலை நிலைக்கவேண்டும். அவ மூன்று நாள் கதைத்தா. கடைசி நாள் போனை வைக்கிறதுக்கு முதல் சொன்னது எங்கள் எல்லாருக்கும் கேட்டது:

"நீங்கள் போகவேண்டாம். நில்லுங்கோ. எனக்கு இந்த முறை மணித்தியாலம் நிறைய இருக்கு. சிவம் அண்ணை பார்த்துச் சொன்னவர்."

அவர் அந்தப் பக்கம் ஏதோ பகிடி விட்டிருக்கவேணும். அவவின் தோள் ஆடியது.

கழுவி, அழுத்தி, மடித்த பச்சைச் சட்டைகளை வானில் ஏற்றிக்கொண்டு போனேன். நம்பர் இல்லாமல் ஏன் திருப்பிக் கேட்டார்கள் என்று எனக்கும் ஒரு யோசனை. அளவு பார்க்க இருக்கும், பெடியளுக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நம்பரோடு அனுப்புவார்கள் என்று நானே எனக்கு ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். கல்லூரியின் களஞ்சிய அறைக்காரர் மெலிந்த மனுசன், இடுப்பில் ஒரு கொத்துத் திறப்பு. சட்டைகளை வாங்கி ஒரு பெட்டிக்குள் போட்டார். புது நம்பர் எப்போது தருவீர்கள் என்று கேட்டேன்.

என்ன நம்பர் என்றார். அணி முடிந்தது. பெடியள் சேரவில்லை, ஒரு அணிக்குக் காணுகிற ஆட்களே இல்லை. இந்தச் சட்டைகள் கோடை முகாமுக்கு. சின்னப் பிள்ளைகள் பெயின்ற் அடிக்கும்போது உடுப்பில் படாமல் மேலால் போட. நம்பர் இருந்தால் தனக்கு அந்த நம்பர்தான் வேணும் என்று சண்டை பிடிப்பார்களாம், அதுதான் கழற்றச் சொன்னது. இதை அவர் நல்ல ஒரு யோசனை என்கிற மாதிரிச் சொன்னார்.

திரும்பி வருகிற வழியில் பாலத்தில் வாகன நெரிசல். அரை மணி நேரம் வான் நகரவில்லை. நகராமலே இருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

முதலில் சிவம் அண்ணைக்குத்தான் சொன்னேன். அவர் கையில் ஒரு மேசைத்துணி இருந்தது. பிரஸ்ஸை இறக்கினவர் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். துணி கருகுகிற மணம் வந்த பிறகுதான் தூக்கினார்.

"ஆர் சொன்னது?"

"கல்லூரி ஸ்டோர்காரன்."

"அவனுக்கு என்ன தெரியும்."

"அண்ணை."

பேந்து, "நீ சொல்லாத. நான் சொல்லுறன்" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துப் போட்டார். திரும்பவும் கழற்றித் துடைத்தார். மலர் அக்காவின் மேசைக்குப் போய்ப் பக்கத்தில் குந்தி, தாழ்ந்த குரலில் சொன்னார். நான் அவவின் முகத்தைப் பார்க்கவில்லை. பின்பக்கம்தான் தெரிந்தது. மெஷின் நின்றது.

"மெய்யாவோ?" என்று கேட்டா.

அவர் தலையாட்டினார்.

"அவர் அங்க வேண்டாமெண்டு சொல்லிப்போட்டார் அண்ணை. அந்த வேலை வேற ஆளுக்குப் போட்டுது."

சிவம் அண்ணை மேசையில் கிடந்த நூல் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பேந்து அவதான் சொன்னா, "நீங்கள் நல்லதைத்தானே சொன்னியள்" என்று. திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் அந்த மனுசன் கொஞ்சக் காலமாவது நிம்மதியாக இருந்திருப்பார்.

பச்சையோடு நிற்கவில்லை. மஞ்சள் பை வரவேயில்லை. சிவப்பு வந்து, கிழமைக்குள் திருப்பிக் கேட்டார்கள். மிச்சம் இருந்த கல்லூரிகள் தாங்களே ஒரு மெஷின் வாங்கிக் கழுவுகிறோம் என்றன. வேலை குறைய, கடைசியாகச் சேர்ந்தவ என்று மலர் அக்காவைத்தான் முதலில் நிற்பாட்டினார்கள். மணித்தியாலம் காணவில்லை. எவ்வளவு காணவில்லை என்பதைச் சொல்லாமல் விடுகிறேன். அவ வீடுகள் துடைத்தா, பிள்ளைகள் பார்த்தா, கையில் தருகிற காசு எந்தக் கணக்கிலும் வராது. பனி இறங்கினபோது வேறு வழியில்லாமல் வெல்ஃபெயருக்குப் போனா. ஸ்பொன்சர் அதோடு நின்றது. திருப்பிப் போடலாம், அடுத்த வருடம் என்றார்கள். வேலை ஒன்று எடுத்துவிட்டுப் போடுங்கோ என்றார்கள்.

அந்த அடுத்த வருடம் கொழும்பு லொட்ஜுகளில் இருந்த எங்கள் ஆட்களைப் பொலிஸ் ஒரு நாள் விடிய எழுப்பி, பஸ்ஸில் ஏற்றி வடக்கே அனுப்பியது. குகன் வவுனியாவில் இறக்கப்பட்டார். கொழும்புக்குத் திரும்பி வரப் பயந்து, எப்படியோ வழி பிடித்து வன்னிக்குள் தாயாரிடம் போய்விட்டார். அங்கிருந்து ஒருதரம் கதைத்தார். லைன் சரியில்லை, மழை பெய்கிற மாதிரி இரைச்சல் என்று மலர் அக்கா சொன்னா. அதற்குப் பிறகு கடைசிச் சண்டையில் வன்னியில் என்ன நடந்தது என்பது உலகத்துக்கே தெரியும். அவருக்கு என்ன நடந்தது என்பது மட்டும் ஒருத்தருக்கும் தெரியாது. பட்டியல்களில் பெயர் இல்லை. இறந்தார் என்று சொன்னவரும் இல்லை, கண்டேன் என்று சொன்னவரும் இல்லை.

சிவம் அண்ணை பிறகு ஒரு ஹொட்டேல் லொண்டரியில் வேலை செய்தார். கிரிக்கெட் நடந்தால் ஆட்கள் கூடிக் கதைக்கிற இடத்தில் இருப்பார், ஆர் வெல்லுவான் அண்ணை என்று கேட்டால் எழும்பி வெளியில் போய்விடுவார். பனி கொட்டுமோ என்று கேட்டாலும் தெரியாது என்பார், யன்னலுக்கு வெளியே கொட்டிக்கொண்டிருக்கும். மலர் அக்கா வீட்டுக் குழாய் ஒழுகினால் அவர்தான் போவார், பனி வழித்துவிட அவர்தான் போவார். ஒருமுறை என்னிடம், "தம்பி, அவன் கட்டாரில இருந்திருப்பானடா" என்றார். மூன்று பனிக்காலத்துக்கு முதல் செத்துப்போனார். செத்தவீட்டில் மலர் அக்கா கடைசிவரை நின்றா.

கராஜில் அந்தப் பத்திரிகையை வாசித்துவிட்டு வந்த பிறகு எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. மொன்ட்ரியால்-நோருக்குப் போனேன். மலர் அக்கா இப்போது ஒரு கார்டெரியில், பிள்ளைகள் காப்பகத்தில், வேலை. சின்னப் பிள்ளைகள் அவவைப் பிரெஞ்சில் பெயர் சொல்லிக் கூப்பிடுதுகள், அவவும் அதுகளோடு பிரெஞ்சில் சண்டை பிடிக்கிறா. வேலை முடிந்து பஸ் தரிப்புக்கு வந்தவவோடு நின்று கதைத்தேன். தலை நன்றாக நரைத்துவிட்டது. பொட்டு வைத்திருந்தா.

பத்திரிகையில் கண்டதைச் சொன்னேன். "மெய்யாவோ" என்று கேட்டா. "அதில பச்சை இருக்கோ?" என்று கேட்டா. நிறம் போடவில்லை அக்கா, பெயர்தான் போட்டிருக்கு, அதால எனக்கும் தெரியேல்லை என்றேன். அவவின் தோள் கொஞ்சம் ஆடியது.

பேந்து, தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னா:

"தம்பி, எனக்கு இப்ப நிரந்தர வேலை. மணித்தியாலம் முழுக்க இருக்கு. வருசம் முழுக்க."

"நல்லது அக்கா."

"இப்பவெண்டா அவரை ஸ்பொன்சர் செய்யலாம். அந்தப் பேப்பர் எல்லாம் இப்ப கொம்ப்யூட்டரிலதானாம். உம்மட மகளிட்டக் கேட்டுச் சொல்லுவீரோ?"

பகிடியோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நெற்றியைச் சுருக்கி, பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றா.

"ஓம் அக்கா, கேட்டுச் சொல்லுறன்" என்றேன்.

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டா. அந்த நாலாம் மாடியில் இப்போது ஆட்கள் குடியிருக்கிறார்கள், யன்னல் எல்லாம் புதிது. சுரண்டுகிற கார்ட் இல்லை, காசு போட்டுக் கதைக்கிற போன் இல்லை. கொழும்பில் வெள்ளவத்தையில் குகன் இருந்த லொட்ஜை இடித்து உயரமாக ஏதோ கட்டியிருக்கிறார்களாம். "ஆறும் வரும் பிள்ளை" என்று சொல்ல ஒரு மனுசன் இருந்தார், அவரும் இல்லை. மகளிடம் நான் இன்னும் கேட்கவில்லை. என்னவென்று கேட்கிறது?